வலம்புரி அல்ல

சிவப்புப் பட்டில் சுற்றி, அதன்மேல்
பழைய தினசரியில் சுற்றி, அதற்கும் மேல்
ஒரு ரப்பர் பேண்டு.
நாரைனாவில் அச்சகம் வைத்திருக்கும் கோமதிநாயகம்
பத்து மணிக்கே வந்து
கைகளைத் தொடையிடுக்கில் செருகி
உட்கார்ந்திருந்தார். தில்லியில் ஜனவரி.
எங்கள் பிரிவுக்கு ஒரே ஹீட்டர்,
அதிலும் ஒரு கம்பிதான் சிவக்கும்.

பஹார்கஞ்சில் எண்பத்தைந்தாயிரம் கொடுத்தாராம்.
இது வீட்டுக்கு வந்த பிறகுதான்
இரண்டாவது மெஷினும் விலைபோனது என்றார்,
புகார் சொல்லும் குரலில் அல்ல,
பஸ் நம்பர் சொல்லும் குரலில்.

நுனியை மேலே வைத்தேன். வாய் இடப்பக்கம்.
எங்கள் நூல்களில் இது இடச்சுழி.
பூஜையறையில் இதையே கவிழ்த்துப் பிடித்து
வலம்புரி என்பார்கள்.
எது தலை, எது கால் என்பதில்
எனக்கு யாரோடும் சண்டையில்லை.

வம்பு உள்ளே இருந்தது.
பேனா டார்ச்சை வாய்க்குள் அடித்தேன்.
நம் கடல் சங்கின் நடுத்தூணில்
மூன்று நான்கு மடிப்பு இருக்கும்,
கொசுவம் வைத்தாற்போல.
இதில் ஒன்றுமில்லை. வழவழவென்று
பீங்கான் கோப்பையின் காது.

எடையும் போதாது. சங்கென்றால் கை தாழும்.
ஆசிட்டில் முக்கி, உப்புத்தாளால் தேய்த்து
வெள்ளையாக்கியிருக்கிறார்கள்.
நுனியருகே ஒன்றரைச் சுற்றுக்கு மட்டும்
தாள் எட்டவில்லை.
அங்கே நகம் வைத்தால்
ஏறி இறங்கும் அலை,
அலைக்குக் குறுக்கே நூல் நூலாய் வரி.
அவ்வளவு இடத்தில்
தன் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது.

'வடக்கே, குளிர்க்கடல் நத்தை' என்றேன்.
'பூஜைக்கு ஆகாதா?'
'வேட்டையாடித் தின்கிற ஜாதிங்க.'

சிப்பி மூச்சுக்குத் திறக்கும் நேரம் பார்த்து
ஓட்டின் உதட்டை இடுக்கில் செருகிவிடும்.
ஆப்பு வைப்பது என்கிறோமே, அதேதான்.
பிறகு உள்ளே போகும் ஒரு நீண்ட மூக்கு.
விளிம்பில் இந்தச் சின்னச் சின்ன உடைசல்
அது சாப்பிட்ட கணக்கு.
ஒரு பைக்குள் ஆயிரம் முட்டை இருந்தாலும்
முதலில் விழித்த பத்துப்பேர்
மற்றதைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.
நம் சங்கும் அசைவம்தான்,
மணலுக்குள் புழு தேடும்.
அதை நான் சொல்லவில்லை.

பதிவேட்டில் இனத்தின் பெயர் எழுதும்போதுதான்
பேனா நின்றது.
இந்த நத்தைகள் எல்லாமே
மற்றப் பக்கம் அல்லவா சுழலும்?
அங்கே கூடை கூடையாகப் பிடித்து
வேகவைத்து, வினிகர் ஊற்றித் தின்கிறார்கள்.
பல்லாயிரத்தில் ஒன்று திரும்பிப் பிறக்கும்.
பத்தொன்பது வருட வேலையில்
படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
விற்றவனுக்கும் தெரிந்திருக்காது.
தேய்த்தவனுக்கு நிச்சயமாகத் தெரியாது.

சொன்னேன்.
'அப்ப ஒரிஜினலா?'
'ஒரிஜினல்தான். ஆனா வேற ஒண்ணோட.'
'அதோட ஊர்ல இதுக்கு விலை உண்டா?'
தெரியவில்லை.
முழுதாய் இருந்திருந்தால், என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

சான்றிதழில் ஒரே வரிக்குத்தான் இடம்.
வலம்புரி அல்ல.
மீதியைக் குறிப்புப் பத்தியில் எழுதினேன்,
அச்சாகும்போது பாதியில் வெட்டுப்பட்டது.
அதை மட்டும் அவர் தொழில்காரராய்க் கவனித்து
'மார்ஜின் சரியில்லை' என்றார்.

பட்டை மேசையிலேயே விட்டுவிட்டு
ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.
படித்திருப்பத்தில்
பைக்குள் கட்டைவிரல் அசைவது தெரிந்தது,
அந்த ஒன்றரைச் சுற்றைத் தேடி.

வெளியே பனிமூட்டம். கேட்டருகே ஆளே தெரியவில்லை.
நான்கு டிகிரி என்றான் காவலாளி.
அதன் கடலும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.